மூன்று அதிபர்களும் பதினோராம் பிரிவும்

2007 ஜனவரி 4ஆம் நாள், அமெரிக்கக் காங்கிரஸின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எலிசன் தம் பதவியேற்பையொட்டிய சடங்கு நிகழ்வில் கைவைத்து உறுதிமொழி கூறிய குர்ஆன் பிரதி, அந்நாட்டின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாயிருந்தது. ஜார்ஜ் சேல் 1734இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் 1764ஆம் ஆண்டுப் பதிப்பு அது. சட்டம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஜெஃபர்சன் 1765இல் வில்லியம்ஸ்பர்க் நகரில் அதனை விலை கொடுத்து வாங்கினார். கடன் நெருக்கடியில் 1815இல் தம் நூலகத்தைக் காங்கிரஸுக்கு விற்றபோது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு அதுவும் போயிற்று. எலிசன் குர்ஆனைத் தேர்ந்தெடுத்ததைக் கடுமையாக எதிர்த்தவர், ஜெஃபர்சனின் மாநிலமான வர்ஜீனியாவிலிருந்தே தேர்வான ஓர் உறுப்பினர். அவருக்கு இதைவிட நயமான விடை கிடைத்திருக்க முடியாது.

ஆனால் அன்றுதொட்டு நம்மவர் எழுத்துகளில் ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியுள்ளது. ஜார்ஜ் வாஷிங்டன் மொராக்கோ சுல்தானுக்கு எழுதிய நட்புக் கடிதம், ஜான் ஆடம்ஸ் ஒப்பமிட்ட திரிபோலி ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு, ஜெஃபர்சனின் குர்ஆன், 1805ஆம் ஆண்டு ரமழானில் அவர் அளித்த மாலை விருந்து என அது நீளும். ஒவ்வொன்றும் மெய்யே. குறை அவற்றின் உண்மையில் இல்லை, அடுக்கும் முறையில் இருக்கிறது. ஒன்றையொன்று மறுக்கும் கொள்கைகள் கொண்டிருந்த மூவர், சிலகாலம் பகைவராகவும் வாழ்ந்தவர்கள், இப்பட்டியலில் ஒரே புன்னகை முகமாகிவிடுகின்றனர். அதைவிட வருந்தத்தக்கது, அவர்கள் ஆண்ட மண்ணில் அதே நாள்களில் உண்மையாகவே வாழ்ந்த முஸ்லிம்களுக்கு அப்பட்டியலில் இடமின்றிப் போவது. நற்சான்றிதழ் திரட்டும் ஆவலில் நாம் யாரை விட்டுவிடுகிறோம் என்பதே என் கேள்வி.

முதலில் கடலைப் பார்ப்போம். அமெரிக்கா விடுதலைப் போரில் இருந்தபோதே, 1777 டிசம்பரில், மொராக்கோவின் சுல்தான் முஹம்மது இப்னு அப்துல்லாஹ் தம் துறைமுகங்களில் வந்து வணிகம் செய்யக்கூடிய நாடுகளின் வரிசையில் அமெரிக்காவையும் சேர்த்து அறிவித்தார். 1786இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதிபரான முதலாண்டிலேயே, 1789 டிசம்பர் 1ஆம் நாள், வாஷிங்டன் சுல்தானுக்கு எழுதினார். தூனிஸ், திரிபோலி ஆட்சியாளர்களிடம் தம் நாட்டுக்காகப் பரிந்து பேசியமைக்கு நன்றி கூறிய அக்கடிதத்தில், எங்கள் மண்ணில் பொன், வெள்ளிச் சுரங்கங்கள் இல்லை, நீண்ட போரின் அழிவிலிருந்து இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறோம் என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. கைம்மாறு செய்யப் பணம் இல்லை என்பதை ஒரு நாட்டின் தலைவர் இதைவிடக் கண்ணியமாகச் சொல்வது கடினம். இது சமயப் பற்றும் அன்று, சமய வெறுப்பும் அன்று. கடற்படை இல்லாத ஏழை நாடு, வலிமை மிக்க முடியரசிடம் பேசிய மொழி இது. அந்த வறுமையை மறந்துவிட்டு அக்கடிதத்தைப் படிப்பதால்தான் அதில் இல்லாத பொருளெல்லாம் நமக்குத் தென்படுகின்றன.

அந்த வறுமைக்கு முன் என்ன செய்வது என்பதில்தான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் பிரிந்தனர். பிரிட்டிஷ் கொடியின் காவல் போனபின் அமெரிக்கக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் தனித்து நின்றன. 1785இல் அல்ஜியர்ஸ் கலங்கள் இரு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 மாலுமிகளைச் சிறைகொண்டன. மறு ஆண்டு மார்ச்சில், லண்டனில் தூதராயிருந்த ஆடம்ஸும் பாரிஸிலிருந்து வந்த ஜெஃபர்சனும் திரிபோலியின் தூதர் அப்துர் ரஹ்மானைச் சந்தித்தனர். கேட்கப்பட்ட தொகை அவர்களைத் திகைக்க வைத்தது. பின்னர் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் படிக்கத்தக்கவை. ஆடம்ஸ் கணக்குப் பார்த்தார். கப்பம் கட்டும் செலவைவிட வணிக இழப்பு பெரிது, போர் அதனினும் பெரிது, நம் மக்கள் கடற்படைக்குப் பணம் தரமாட்டார்கள், என்றென்றைக்கும் போரிடத் துணிந்தாலன்றிப் போரைத் தொடங்கவே கூடாது என்பது அவர் வாதம். ஜெஃபர்சனோ நீதி, மானம், ஐரோப்பாவின் மதிப்பு ஆகியவற்றை முன்வைத்தார். போரே மலிவு என்றுகூடக் கணக்குக் காட்டினார்.

நிகழ்ந்ததோ இருவர் கணக்கையும் பொய்யாக்கியது. 1795இல், வாஷிங்டன் ஆட்சியில், அல்ஜியர்ஸுடன் செய்த உடன்படிக்கைக்கு 6,42,500 டாலர் ரொக்கமும், ஆண்டுதோறும் 21,600 டாலர் பெறுமான கப்பல் தளவாடங்களும் தேவைப்பட்டன. கப்பம் கட்டலாம் என்ற ஆடம்ஸ் அதிபரானதும் 1798இல் கடற்படைக்கெனத் தனித் துறையே அமைத்தார். போர் வேண்டும் என்ற ஜெஃபர்சன் கடற்படையைக் குறைப்பதாகச் சொல்லிப் பதவிக்கு வந்தார். ஆனால் 1801 மே மாதத்தில் திரிபோலியின் யூசுஃப் கரமான்லி அமெரிக்கத் தூதரகத்தின் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்துப் போர் அறிவித்தபோது, அவர் அனுப்பியவை முன்னவர்கள் கட்டிவைத்த கப்பல்களே. அவற்றில் ஒன்றான ‘பிலடெல்பியா’ 1803 அக்டோபரில் திரிபோலிக்கு அருகே தரைதட்டி, முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். 1805இல் அமைதி ஏற்பட்டபோது அவர்களை மீட்க 60,000 டாலர் கொடுக்கப்பட்டது. கப்பம் இல்லை, பிணைத்தொகை மட்டும்தான் என்று ஜெஃபர்சனின் ஆதரவாளர்கள் விளக்கம் சொல்வர். அந்த வேறுபாடு அல்ஜியர்ஸுக்குப் பொருந்தவில்லை. அங்கே கட்டிவந்த கப்பம் அவருடைய ஆட்சியிலும் நிற்கவில்லை. அது முடிவுக்கு வந்தது 1815இல், மாடிசன் காலத்தில்.

அவ்விருந்தின் பின்னணியும் இதுவே. 1805 டிசம்பர் 9 அன்று ஜெஃபர்சனின் விருந்தினர் தூனிஸ் தூதர் சுலைமான் மெல்லிமெல்லி. திரிபோலி முற்றுகையின்போது அமெரிக்கக் கடற்படை கைப்பற்றிய தூனிஸ் கப்பல்களுக்கு ஈடு கேட்க வந்தவர் அவர். பிற்பகல் மூன்றரை மணிக்கு வழக்கமாகப் பரிமாறப்படும் உணவு, ரமழான் என்பதால் கதிர் மறையும் வேளைக்கு மாற்றப்பட்டது. 2012இல் அதிபர் ஒபாமா இதனை வெள்ளை மாளிகையின் முதல் இஃப்தாராக இருக்கலாம் என்று நினைவுகூர்ந்தார். நோன்பாளியின் வேளைக்காகத் தன் வேளையை மாற்றிக்கொள்ளும் விருந்தோம்பலை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அது இழப்பீடு கேட்டு வந்த அரசுத் தூதர் ஒருவருக்குக் காட்டிய மரியாதை. அவ்வளவில் நிறுத்திக்கொண்டாலே அதற்குப் பெருமை.

இனிப் பதினோராம் பிரிவு. திரிபோலியுடனான முதல் ஒப்பந்தம் 1796 நவம்பரில் வாஷிங்டனின் ஆட்சியில் கையெழுத்தாகி, 1797 ஜூன் 7ஆம் நாள் செனட்டில் ஒருமனதாக ஏற்கப்பட்டு, மூன்று நாள் கழித்து ஆடம்ஸின் ஒப்பம் பெற்றது. அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ சமயத்தின் மீது நிறுவப்பட்டதன்று, முஸ்லிம்களின் சட்டத்தோடோ சமயத்தோடோ அமைதியோடோ அதற்கு இயல்பான பகை இல்லை, சமயக் கருத்தை முன்னிட்டு இரு நாடுகளின் இணக்கம் குலையாது என்பது அப்பிரிவின் சாரம். இதனை மேற்கோள் காட்டாத முஸ்லிம் கட்டுரையாளரைக் காண்பது அரிது. மேற்கோள் காட்டுவோர் பலரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டளவில் டச்சு அரபியறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே அரபு மூலத்தை ஆராய்ந்தபோது, பதினோராம் பிரிவு அதில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் திரிபோலி பாஷாவுக்கு எழுதிய ஒரு கடிதம் செருகப்பட்டிருந்தது. ஆங்கில வடிவம், அல்ஜியர்ஸில் அமெரிக்கப் பிரதிநிதியாயிருந்த கவிஞர் ஜோயல் பார்லோ சான்றளித்து அனுப்பியது.

ஆக, பாஷா படித்தறியாத ஒரு வாக்குறுதியைச் செனட் ஏற்றது. இதனால் பிரிவு பொய்யாகிவிடாது. மாறாக அதன் பொருள் தெளிவாகிறது. அது நம்மை நோக்கிச் சொன்ன சொல் என்பதைக் காட்டிலும், அமெரிக்கர் தம் அரசைப் பற்றித் தமக்குள் ஒப்புக்கொண்ட சொல். அவையில் உரக்கப் படிக்கப்பட்டு, நாளேடுகளிலும் அச்சாகி, பெரிய எதிர்ப்பின்றி நின்றது என்பதில்தான் அதன் வரலாற்று மதிப்பு. ஜெஃபர்சன் காலத்து 1805ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பகையின்மை பற்றிய தொடர் இடம்பெற்றது. கிறிஸ்தவ சமயத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்ற முதல் தொடர் விடப்பட்டது. சமயச் சுதந்திரத்தின் தலைமகனாகப் போற்றப்படுபவரின் ஆட்சியில் இது நேர்ந்தது.

இங்கே ஜெஃபர்சனுக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் வரைந்து, மாடிசன் வாதாடி, 1786 ஜனவரியில் வர்ஜீனியாவில் நிறைவேறிய சமயச் சுதந்திரச் சட்டம், அதிபர் பதவியில் அவர் செய்த எதனையும்விட உயரமானது. அவருக்கே அது தெரிந்திருந்தது. தம் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மூன்று சாதனைகளில் இச்சட்டம் உண்டு, அதிபர் பதவி இல்லை. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, எம்மதமும் சாராதவர் என எல்லாரையும் இச்சட்டம் தன் காப்பில் கொள்வதாக முதுமையில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். வாஷிங்டனும் 1784இல் தம் பண்ணைக்குத் தச்சரும் கொத்தனாரும் தேடித்தரக் கேட்டு நண்பருக்கு எழுதியபோது, நல்ல வேலைக்காரராயின் ஆசியராகவோ ஆப்பிரிக்கராகவோ, முஸ்லிமாகவோ யூதராகவோ, கடவுள் மறுப்பாளராகவோகூட இருக்கலாம் என்று குறித்தார். 1788இல் வட கரோலினாவின் ஒப்புதல் மாநாட்டில், புதிய அரசியல் சட்டத்தின்படி ஒரு முஸ்லிம்கூட அதிபராகிவிடக்கூடுமே என்று சிலர் அஞ்சியபோது, ஜேம்ஸ் ஐரடெல் சமயச் சோதனையே கூடாதென்று வாதிட்டார். அக்காலத்து ஐரோப்பாவில் இப்படிப் பேசிய அரசு எது என்று தேடிப் பார்த்தால் இவற்றின் அருமை விளங்கும்.

எனினும் இவ்வாதங்களில் வரும் முஸ்லிம் ஒரு கற்பனை மனிதர். எங்கோ தொலைவிலிருந்து என்றோ வரக்கூடியவர். கொள்கையை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று அளந்து பார்க்க நிறுத்திய எல்லைக்கல். 1790இல் வாஷிங்டன் ஒப்பமிட்ட குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. சமயம் கேட்கவில்லை, நிறம் கேட்டது. ஆசியர்க்கு அந்தத் தடை முழுமையாக நீங்கியது 1952இல். ஐரடெலின் முஸ்லிம் அதிபர் எந்த நாட்டிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று இச்சட்டத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

உண்மை முஸ்லிம்கள் அருகிலேயே இருந்தனர். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 1774ஆம் ஆண்டு வரிப்பட்டியலில் இரு பெண்களின் பெயர்கள் காணப்படுகின்றன. எழுதியவர் காதுக்கு எட்டியபடி ‘ஃபாத்திமர்’ என்றும் ‘சின்ன ஃபாத்திமர்’ என்றும் பதிந்திருக்கிறார். நபிமகளாரின் பெயர் எழுத்தரின் பேனாவில் அப்படி உருக்குலைந்தது. அவர்கள் எதைத் தொழுதனர், எதை நினைவில் வைத்திருந்தனர் என்று அத்தாள் சொல்லாது. பெயர் வைக்கும் அளவுக்காவது ஒரு நினைவு கடல் கடந்து வந்திருந்தது. முஸ்லிம் தச்சர் வந்தாலும் ஏற்பேன் என்று பண்ணைக்காரர் எழுதியது இதற்குப் பத்தாண்டு பின்னர்.

அல்ஜியர்ஸ் கைதிகளையும் இங்கே நினைக்க வேண்டும். 1793இல் மேலும் பல கப்பல்கள் பிடிபட்டு, நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கர் அங்கே அடிமைப்பட்டனர். நாடெங்கும் அவர்களுக்காக நிதி திரண்டது. அந்த வேதனை உண்மையானது. அதே நாட்டில் 1790ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி அடிமைகள் ஏழு இலட்சத்தை நெருங்கினர். இந்த முரணைக் கண்டு எழுதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமை முறையை ஆதரித்துக் காங்கிரஸில் பேசிய ஜார்ஜியா உறுப்பினரின் வாதங்களை அப்படியே எடுத்து, கிறிஸ்தவரை அடிமையாக வைத்திருப்பதற்கு ஆதரவாக ஓர் அல்ஜியர்ஸ் பிரமுகர் பேசுவதாக மாற்றி அங்கதம் வரைந்தார். வாதம் அச்சொட்டாகப் பொருந்தியது. அந்த அங்கதத்துக்கு மூன்று அதிபர்களில் எவரும் விடை சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லவும் இயலாது.

அடிமை முறை என்ற உரைகல்லில் மூவரும் மூன்று விதமாக உரைபடுகின்றனர். வாஷிங்டன் 1793இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டவர். தலைநகரம் பிலடெல்பியாவில் இருந்தபோது, ஆறு மாதம் தங்கிய அடிமை விடுதலை கோரலாம் என்ற பென்சில்வேனியச் சட்டத்தைத் தட்டிக்கழிக்கத் தம் வீட்டு அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அனுப்பி வரவழைத்தவர். 1796இல் தப்பிச் சென்ற ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண்ணைத் திரும்பப் பிடிக்க ஆளனுப்பியவர். அதே மனிதர் 1799இல் எழுதிய உயிலில் தமக்கு உரிமையான 123 பேரையும், தம் மனைவியின் காலத்துக்குப்பின், விடுவித்தார். வரவேண்டிய இடத்துக்கு மிகத் தாமதமாக வந்தார். என்றாலும் வந்தார். மனைவி வழிச் சொத்தாயிருந்தவர்களை விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஒரே பண்ணையில் மணம்புரிந்து வாழ்ந்த குடும்பங்கள் அதனால் பிளவுண்டன.

ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கு மேற்பட்டோரை உடைமையாகக் கொண்டிருந்தார். வாழும்போது இருவரையும் உயிலில் ஐவரையும் மட்டுமே விடுவித்தார். அவர் இறந்த சில மாதங்களில், 1827 ஜனவரியில், மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு விடப்பட்டனர். இலட்சம் டாலரைத் தாண்டிய கடன் அதற்குச் சொல்லப்படும் காரணம். அடிமை இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டத்தில் 1807இல் ஒப்பமிட்டவரும் அவரே. அது நன்று. ஆனால் நெப்போலியனிடமிருந்து 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய லூசியானாப் பரப்பில் அடிமை முறை பரவ வழிவிட்டவரும் அவரே.

அந்நிலப்பரப்பு கிடைத்த கதையில் இன்னொரு ஒப்பீடு இருக்கிறது. தம்மைத் தாமே விடுவித்துக்கொண்ட செய்ன்ட் டொமிங்கு தீவின் கறுப்பினத்தார், மீண்டும் தளையிட வந்த பிரெஞ்சுப் படையை அழித்ததால்தான் நெப்போலியனுக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஆர்வம் அற்றது. ஆடம்ஸ் அத்தீவின் தலைவர் துஸ்ஸான் லூவர்த்தூருடன் 1799இல் வணிகத்தைத் திறந்தார், மறு ஆண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அவருக்கு உதவின. ஜெஃபர்சன் 1806இல் ஹைத்தியுடனான வணிகத்தைத் தடைசெய்தார். மனிதர் யாவரும் சமம் என்று எழுதியவர், அதைச் செய்துகாட்டிய முதல் கறுப்பினக் குடியரசை ஒதுக்கிவைத்தார். அமெரிக்கா ஹைத்தியை அங்கீகரித்தது 1862இல், லிங்கன் காலத்தில். ஆடம்ஸிடம் அன்பு பொங்கி வழிந்தது என்று நினைக்க வேண்டா. பிரான்சோடு அவர் அறிவிக்கப்படாத கடற்போரில் இருந்தார், பிரான்சின் எதிரி அவருக்கு நண்பர். எனினும் நிறத்தை மீறி அரசியல் கணக்குப் போட அவரால் முடிந்தது. ஜெஃபர்சனால் முடியவில்லை.

2001இல் டேவிட் மெக்கல்லோ எழுதிய ஆடம்ஸ் வரலாறு வெளிவந்து புலிட்சர் பரிசும் பெற்றபின், காற்று ஆடம்ஸ் பக்கம் வீசத் தொடங்கியது. அனெட் கார்டன்-ரீட் ஹெமிங்ஸ் குடும்பத்தைப் பற்றிச் செய்த ஆய்வுகளும், 1998இல் வெளியான மரபணுச் சோதனையும் ஜெஃபர்சனின் நிறையைக் குறைத்தன. ஒருவர் உயர மற்றவர் தாழும் இந்தத் தராசு வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆடம்ஸ் எக்காலத்தும் அடிமை வைத்திருக்கவில்லை, மெய்தான். ஆனால் மிசௌரிப் பிரச்சினை நாட்டை உலுக்கியபின் 1821இல் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், இப்பொருள் தமக்குப் பிடிபடாதது, தென்மாநிலத்தாரிடமே விட்டுவிடுகிறேன் என்ற பொருளில் ஒதுங்கிக்கொண்டார். 1812இல் மீண்டும் தளிர்த்த அவர்களின் நட்பு அமெரிக்க இலக்கியத்தின் சிறந்த கடிதத் தொகுதிகளுள் ஒன்றைத் தந்தது. அந்நட்பின் விலை இந்த மௌனம். கறைபடியாத கை எப்போதும் துணிந்த கை அன்று.

பேச்சுரிமையில் ஆடம்ஸின் கையும் கறைபட்டதே. 1798 ஜூலை 14ஆம் நாள் அவர் ஒப்பமிட்ட அரசநிந்தைச் சட்டத்தின்கீழ், அவரை எழுத்தில் தாக்கிய வெர்மான்ட் உறுப்பினர் மாத்யூ லயன் நான்கு மாதச் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் பெற்றார். சிறையிலிருந்தபடியே மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர் என்பது அந்நாட்டின் பெருமை. குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலமும் ஐந்திலிருந்து பதினான்கு ஆண்டாக்கப்பட்டது. அச்சட்டத் தொகுப்பில் இன்றுவரை உயிரோடிருப்பது பகைநாட்டு அந்நியர் சட்டம் ஒன்றே. இரண்டாம் உலகப் போரில் அதைக் கொண்டு பல்லாயிரவர் காவலில் வைக்கப்பட்டனர். 2025 மார்ச்சில், போர் அறிவிக்கப்படாமலே, வெனிசுவேலா நாட்டவரை வெளியேற்ற அதே சட்டம் எடுத்தாளப்பட்டது. குடியேறிய சமூகங்கள் தேடிப் படிக்க வேண்டிய ஆடம்ஸ் ஆவணம் பதினோராம் பிரிவைக்காட்டிலும் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஜெஃபர்சன் அரசநிந்தைச் சட்டத்தை எதிர்த்து வென்றார், தண்டிக்கப்பட்டோரை மன்னித்தார். ஆனால் 1803இல், ஏடுகள் தம்மைத் தாக்கியபோது, மாநில அளவில் சில வழக்குகளைத் தொடுத்தால் பலன் கிட்டும் என்று பென்சில்வேனிய ஆளுநருக்கு எழுதினார். அவருடைய 1800ஆம் ஆண்டு வெற்றியே ஆராயத்தக்கது. அடிமைகளில் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. 73க்கு 65 என்ற அவ்வேறுபாடு அவ்வாக்குகளின்றி நின்றிருக்குமா என்ற கேள்வியை அக்காலத்து எதிரணியினரே எழுப்பினர். வாக்குரிமை இல்லாதோரின் தலைக்கணக்கு, வாக்குரிமையின் காவலரைப் பதவியில் அமர்த்தியது. ஆடம்ஸோ பிரான்சுடன் போரை மூட்டித் தேர்தலை வென்றிருக்கக்கூடும். தம் கட்சியே பிளவுபடும் என்று தெரிந்தும் அமைதித் தூதரை அனுப்பினார். மூவரின் ஆட்சிச் செயல்களில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது அதுதான். அதை நற்சான்றிதழ்ப் பட்டியல் எதுவும் குறிப்பதில்லை, அதில் முஸ்லிம்கள் இல்லாததால்.

ஜெஃபர்சனின் நூலகத்துக் குர்ஆன் அருகிலிருக்கும்போதே அவர் கைக்கு வேறொரு குர்ஆன் எழுத்து வந்தது. ஜெஃப்ரி ஐன்போடன் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1807 அக்டோபரில், கென்டக்கியில் பிடித்துவைக்கப்பட்ட இரு ஆப்பிரிக்கர் எழுதிய அரபுத் தாள்களை ஒருவர் அதிபரிடம் கொணர்ந்து கொடுத்தார். ஜெஃபர்சன் மொழிபெயர்க்கத்தக்கவரைத் தேடி அவற்றைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார். அவ்வளவில் அவருடைய ஆர்வத்தை ஏற்கலாம். அத்தாள்களில் இறைவசனங்கள் இருந்தன. தாள்கள் ஆவணக் காப்பகங்களில் தங்கிவிட்டன, எழுதிய இருவரும் தப்பியோடி வரலாற்றிலிருந்து மறைந்தனர். நாற்பதாண்டுக்கு மேல் குர்ஆனை வைத்திருந்தவரின் முன்னால், அதை மனத்தில் வைத்திருந்தவர்களின் கையெழுத்து வந்து, படிப்பார் இன்றிக் கிடந்தது.

இருபதாண்டு கழித்து நிகழ்ந்த மற்றொன்றில் விதி வேறாயிற்று. ஃபூத்தா ஜல்லோனின் அரச குடும்பத்தைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்ராஹீம் 1788இல் மிசிசிப்பியின் நாட்செஸ் ஊரில் விற்கப்பட்டவர். நாற்பதாண்டுக் காலம் பருத்தித் தோட்டத்தில் உழைத்தபின், 1826இல் அரபியில் ஒரு கடிதம் எழுதினார். அரபி என்றால் மொராக்கோ என்று அதிகாரிகள் எண்ணி அக்கடிதத்தை மொராக்கோவுக்கு அனுப்ப, சுல்தான் அவர் விடுதலையில் அக்கறை காட்டினார். வாஷிங்டன் நன்றி கூறி எழுதிய அதே அரச மரபின் சொல் அமெரிக்க அரசை அசைத்தது. 1828இல் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸும் வெளியுறவுச் செயலர் ஹென்றி கிளேயும் அவர் விடுதலைக்கு வழிசெய்தனர். இரண்டாம் அதிபரின் மகனான இவர், பதவியிலிருந்து இறங்கிய காலத்தில் எழுதியதாகக் கொள்ளப்படும் கட்டுரைகளில் இஸ்லாத்தைப் பற்றிக் கடுமையாக, நம் நோக்கில் அநீதியாக, எழுதியவர். 1841இல் ‘அமிஸ்டாட்’ கப்பலின் ஆப்பிரிக்கர் விடுதலைக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவரும் இவரே. நம்மைப் பற்றி நல்லது எழுதியவர், நமக்கு நல்லது செய்தவர் என்ற இரு வரிசைகளும் இங்கே பொருந்தாமல் விலகிப்போகின்றன.

அப்துர் ரஹ்மான் விடுதலையானபோது அவர் பிள்ளைகள் விடுதலையாகவில்லை. அவர்களை விலைக்கு வாங்கப் பணம் திரட்டி வடமாநில நகரங்களில் மாதக்கணக்கில் அலைந்தார். கேட்டவர்களுக்கு அரபியில் எழுதிக் கொடுத்தார். 1829இல் லைபீரியாவுக்குக் கப்பலேறி, அவ்வாண்டே, சொந்த ஊரான டிம்போவைக் காணாமல், ஐந்தாம் அதிபரின் பெயர் தாங்கிய மன்ரோவியாவில் இறந்தார். திரட்டிய பணத்தில் பிள்ளைகளிலும் அவர்கள் குடும்பத்திலும் சிலர் மீட்கப்பட்டு மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்தனர். மற்றவர்கள் மிசிசிப்பியிலேயே இருந்தனர்.